எல்லாப் பக்கத்திலும் பாண்டிச்செல்வி

செல்லப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றுதான் தேறியது. அவர் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. மற்றதையெல்லாம் நினைத்தால் வாயில் கசப்புதான் ஊறுகிறது.

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு வாங்கிச் சுத்தம் செய்து கப்பலில் அனுப்பும் ஒரு கம்பெனிக்கு அவர் மேனேஜர். நான் ரமேஷ்பாபு, தோப்பும்படியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பஜார் ரோட்டு ஆபீஸ்களில் பாதி என் வாடிக்கை. எந்த ஆபீஸ் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் என்ன விழும் என்று எனக்கு மனப்பாடம். செல்லப்பாவின் கீபோர்டிலிருந்து விபூதி விழும், ஊதுபத்திச் சாம்பல் விழும், முறுக்குத் துணுக்கு விழும், கூடவே கடித்துத் துப்பிய நகமும் விழும். காகிதம் புரட்டுவதற்கு விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அந்த ஈரம் காய்வதற்குள் அதே விரலால் என்டரைத் தட்டுவார். அங்கே போய்விட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நான் வேறு எதையும் தொடமாட்டேன்.

அவர் பிறந்தது பேலஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துத்தான் கூட்டுவார், ஆனால் யாரிடமும் ‘நாங்க அசல் தமிழ்க்காரங்க’ என்று பெருமை பேசாமல் விடமாட்டார். இளம் வயதில் அதே கம்பெனிக் கிடங்கில் எடைபோடும் வேலைக்குச் சேர்ந்தார். கூட வேலை பார்த்த ஒவ்வொருவரைப் பற்றியும் முதலாளி காதில் எதையாவது ஓதி, ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, கடைசியில் மிச்சமிருந்த ஒரே ஆள் என்பதால் மேனேஜர் ஆனார். முதலாளி இப்போது இடப்பள்ளியில் பெரிய ஃப்ளாட்டில் இருக்கிறார். கிடங்குப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். ஆக, அங்கே செல்லப்பா வைத்ததுதான் சட்டம்.

அவர் வைத்த சட்டங்களில் ஒன்றைத்தான் நான் சொல்ல வந்தேன்.

சுக்கைப் புடைத்து, கல்லும் தூசியும் பொறுக்கி எடுப்பது பெண்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆறேழு பேர் சேர்ந்தது ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு தலைவி. ஒவ்வொரு லாட் சரக்குக்கும் கம்ப்யூட்டரில் எக்செல் ஃபைலில் ஒரு பக்கம் உண்டு. எத்தனை மூட்டை, எவ்வளவு எடை, எவ்வளவு ஈரம், எந்தத் தேதி என்று அதில் இருக்கும். அந்தப் பக்கத்தின் உச்சியில், ஹெட்டர் என்று சொல்வார்களே அந்த இடத்தில், இடது மூலையில் லாட் நம்பரும் வலது மூலையில் அதைச் சுத்தம் செய்த கூட்டத்துத் தலைவியின் பெயரும் வரவேண்டும் என்பது செல்லப்பாவின் உத்தரவு. பெருமைப்படுத்த அல்ல. குறை வந்தால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமாம். அச்சடித்த ஒரே பிரதி சரக்கோடு போய்விடும். ஆபீஸுக்கென்று இன்னொரு பிரதி எடுத்தால் காகிதம் வீண் என்பார்.

பாண்டிச்செல்வி அந்தத் தலைவிகளில் ஒருத்தி. பரமக்குடிப் பக்கத்து ஊர். அவள் மகள் இங்கே பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஊருக்குத் திரும்பினால் பெண்ணின் படிப்பு நடுவில் நின்றுபோகும் என்பதால், என்ன ஆனாலும் கொச்சியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று இருந்தவள். அவள் கூட்டம் புடைத்த சுக்கில் தூசி தேடினால் கண்தான் வலிக்கும் என்று மூட்டை தூக்குபவர்களே சொல்வார்கள்.

டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து ஒரு லாட் திரும்பி வந்தது. சுக்குக்கு நடுவே எலிப்புழுக்கை. வாங்கியவர்கள் போட்டோ வேறு எடுத்து அனுப்பியிருந்தார்கள். செல்லப்பா ஃபைலைத் திறந்து அந்த லாட்டின் பக்கத்தை அச்செடுத்தார். வலது மூலையில் பாண்டிச்செல்வி என்று இருந்தது.

அதன் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னது சங்கரி. அந்த ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்காரும் பெண், கொச்சியிலேயே தேவராவில் வளர்ந்தவள். செல்லப்பா கிடங்கின் மூலையில் கிடந்த எலிப்புழுக்கையைக் காகிதத்தில் வாரிக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாப் பெண்களையும் வேலையை நிறுத்தச் சொல்லி, பாண்டிச்செல்வியை நடுவில் நிற்க வைத்து, அவள் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அதில் கொட்டியிருக்கிறார்.

“இதை உன் மோளுக்கு ஊட்டுவியா?” என்று கேட்டாராம்.

அது தங்கள் லாட் இல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஓணத்துக்குக் கிடங்கு அடைத்திருந்தபோது கட்டிய சரக்கு அது, அப்போது தன் கூட்டமே ஊரில் இருந்தது என்று தேதியைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். செல்லப்பா காகிதத்தை அவள் மூக்குக்கு நேரே ஆட்டி, பேப்பர் பொய் சொல்லுமா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். அன்றைக்கே அவளையும் அவள் கூட்டத்தையும் வெளியே அனுப்பினார். பஜார் ரோட்டில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும். அடுத்த கிடங்கு, அதற்கடுத்த கிடங்கு, எங்கும் அவளைச் சேர்க்கவில்லை. பெயரைச் சொன்னதுமே, அந்தப் புழுக்கைக்காரியா என்று கேட்டார்களாம். மற்ற பெண்கள் சிலர் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அவள் இடப்பள்ளியில் ஒரு ஹோட்டலில் எச்சில் தட்டுக் கழுவப் போனாள்.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. புழுக்கையால் அல்ல. ஒருத்தி கையை விரிக்கச் சொல்லி அதில் கொட்டும் அளவுக்கு ஒரு மனிதனுக்கு மனம் வந்ததே, அதனால்.

சங்கரி என்னைக் கூப்பிட்டது வேறு காரணத்துக்கு. திரும்பி வந்த சரக்கைப் பற்றிச் சோதனைக்கு வந்த அதிகாரிகள் வருடம் முழுவதற்குமான லாட் பக்கங்களைக் கேட்டிருக்கிறார்கள். அவள் அச்செடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் பாண்டிச்செல்வி. ஒரே பெண் அத்தனை லாட்டையும் புடைத்திருக்க முடியாது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். செல்லப்பா உடனே சங்கரி மேல் பாய்ந்திருக்கிறார், நீதான் தட்டிக் கெடுத்தாய், மாதக் கடைசியில் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போ என்று. பழி போடுவதற்கு அவருக்கு எப்போதும் ஒரு பெண் வேண்டும்.

நான் போனபோது சங்கரியின் கண் சிவந்திருந்தது.

“பாபு சேட்டா, நான் தொடவே இல்ல. ஸ்க்ரீன்ல பார்த்தா ஒண்ணும் தெரியல. பிரிண்ட் எடுத்தா மட்டும் இப்படி வருது. பேஜ் நம்பரும் கெட்டுப் போச்சு, எல்லாத்துலயும் நடுவுல ரெண்டுன்னு வருது.”

செல்லப்பா நாற்காலியில் சாய்ந்தபடி, வைரஸாகத்தான் இருக்கும், வேறு எந்தா என்றார். நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டார்.

வைரஸ் என்று சொல்லிவிட்டால் எனக்கும் வேலை சுலபம். ஆனால் வைரஸுக்கு பாண்டிச்செல்வி மேல் என்ன கோபம்? வரிசையாகப் பார்த்தேன். புது ஃபைல் ஒன்றைத் திறந்து அச்செடுத்தேன், தலையில் ஒன்றுமே வரவில்லை. ஆக, பிரிண்டரும் சரி, எக்செல் எடுத்துக்கொள்ளும் மாதிரிப் பக்கமும் சரி. ஃபைலுக்குள் தானாக ஓடும் மேக்ரோ ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஃபைலை என் லேப்டாப்பில் போட்டுத் திறந்தேன், அங்கேயும் அதே பாண்டிச்செல்வி. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

சாதாரணமாக வேலை செய்யும்போது எக்செல் ஹெட்டரைத் திரையில் காட்டாது. அதற்கென்று பேஜ் லேஅவுட் என்று ஒரு காட்சி உண்டு, அதற்கு மாற்றினால்தான் தெரியும். சங்கரி மாதக்கணக்கில் கவனிக்காததற்குக் காரணம் அதுதான். மாற்றிப் பார்த்தேன். இடது மூலையில் லாட் நம்பர் ஒவ்வொரு பக்கத்துக்கும் சரியாக இருந்தது. அது கையால் அடித்தது அல்ல, பக்கத்தின் பெயரைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தது. கையால் அடித்த பெயர் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாகியிருந்தது. பெயர் மட்டுமா, ஓர அளவுகளும் ஒன்றாகியிருந்தன. படுக்கை வாட்டத்தில் இருக்கவேண்டிய பக்கங்கள்கூட நிமிர்ந்து நின்றன. யாரோ ஒரே பக்கத்தின் அமைப்பை அத்தனை பக்கத்துக்கும் ஒரே அடியாகப் பூசியிருக்கிறார்கள்.

சங்கரி சொன்ன அந்த ‘ரெண்டு’ம் நடுவில் இருந்தது. அது இரண்டு அல்ல. பிள்ளையார் சுழி. பாவம், தமிழ் எழுத்துத் தெரியாத பெண், அந்த ‘உ’ அவளுக்கு 2 என்ற எண்ணாகத் தெரிந்திருக்கிறது.

எந்தப் பக்கம் வரை பெயர் கெட்டிருக்கிறது என்று தேதி பார்த்துக்கொண்டே வந்தேன். சரஸ்வதி பூஜை வரை எல்லாம் பாண்டிச்செல்வி. அதற்குப் பிறகு சேர்த்த பக்கங்களில் சங்கரி புதிதாகப் பெயர் அடித்திருந்ததால் அவரவர் பெயர் சரியாக இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. செல்லப்பாவிடம் திரும்பி, பூஜை முடிந்த மறுநாள் யார் இந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது என்று கேட்டேன்.

மனிதர் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார், விஜயதசமி அன்று முதல் எழுத்துத் தன் கையால்தான் விழவேண்டும் என்று. முன்பெல்லாம் கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையார் சுழி போடுவாராம். இப்போது கம்ப்யூட்டர் என்பதால் அதில் போட்டாராம். ஒவ்வொரு பக்கமாகப் போட்டால் மதியம் ஆகிவிடும். அச்செடுப்பதற்காக எல்லாப் பக்கத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் வித்தையைச் சங்கரி செய்யும்போது பார்த்திருக்கிறார். அதே மாதிரி மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஹெட்டரில் சுழியைப் போட்டு, சேமித்து, தேங்காயும் உடைத்திருக்கிறார்.

“சாமி காரியம், பாபு. அதுல என்ன தெற்று?”

என்ன தப்பு என்று கண்ணெதிரே செய்து காட்டினேன். எல்லாப் பக்கத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் மேலே ஃபைல் பெயரோடு குரூப் என்று ஒரு சொல் வரும். அந்த நிலையில் ஹெட்டரில் கை வைத்து ஓகே கொடுத்தால், அப்போது கண்ணுக்கு முன்னால் இருக்கும் பக்கத்தின் ஹெட்டர் முழுசாக மற்ற எல்லாப் பக்கங்களுக்கும் போய்விடும். சுழி மட்டும் போகாது. சுழியோடு அந்தப் பக்கத்தில் இருந்த பெயரும் போகும். அன்றைக்கு அவர் முன்னால் திறந்திருந்தது பாண்டிச்செல்வியின் பக்கம். பிள்ளையார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நானும் கும்பிடுகிறவன்தான். இந்த மனிதர் அவரையும் இதில் இழுத்துவிட்டாரே என்றுதான் எரிச்சல் வந்தது.

பழைய பெயர்கள் எங்கே கிடைக்கும் என்று யோசித்தோம். சேமித்த பிறகு திரும்பப் பெற வழியில்லை. சங்கரிக்குத்தான் நினைவு வந்தது. ஓணம் கழிந்ததும் வெலிங்டன் தீவில் இருக்கும் கப்பல் ஏஜென்டுக்கு அந்த ஃபைலை மெயிலில் அனுப்பியிருக்கிறாள். அனுப்பிய மெயில்களில் தேடி எடுத்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் அவரவர் பெயர் அப்படியே இருந்தது. திரும்பி வந்த அந்த லாட்டைத் திறந்தோம்.

வலது மூலையில் செல்லப்பா என்று இருந்தது.

சங்கரி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை லாட்டுகளுக்கு நடுவே மறந்துபோனது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஓண விடுமுறையில் கப்பல் காத்திருக்கிறது என்று, புடைக்கப் பெண்கள் யாரும் இல்லாமல், மூட்டை தூக்குபவர்களை வைத்துத் தரையில் கிடந்ததையெல்லாம் கூட்டிப் பெருக்கி மூட்டை கட்டியது இவர்தான். தனி ஆளாக லோடு அனுப்பினேன் என்று பீற்றிக்கொள்ள, தன் பெயரையே மேலே அடிக்கச் சொன்னதும் இவர்தான்.

பாண்டிச்செல்வியின் கையில் கொட்டியபோது இது அவருக்கு நினைவில் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நினைவிருந்து செய்திருந்தால் அயோக்கியத்தனம். மறந்தே போயிருந்தால் அது இன்னும் கேவலம். எந்தப் பக்கம் புரட்டினாலும் நாறுகிறது.

அவர் முகம் வெளிறித்தான் போனது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை பாண்டிச்செல்வியைப் பற்றியது அல்ல.

“பாபு, வைரஸ்னு எழுதிக் கொடு. அந்தப் பொண்ணுங்க போயாச்சு, இனி அதைக் கிளறி எந்து காரியம்? நமக்குள்ள இருக்கட்டே.”

நமக்குள் என்றாரே, அதைக் கேட்டபோதுதான் எனக்கு மிகவும் அசிங்கமாக இருந்தது. என்னை எப்போது தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்? சர்வீஸ் சீட்டில் நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். எந்த நாளில், யார் கையால், எப்படி மாறியது, அந்த லாட்டின் மேல் முதலில் இருந்த பெயர் என்ன என்பது வரை எழுதி, போட்டோ எடுத்து அங்கேயே முதலாளிக்கு அனுப்பினேன். செல்லப்பா என் கையைப் பிடிக்க வந்தார். அந்த விரல் என் மேல் படாமல் விலகிக்கொண்டேன்.

முதலாளி நியாயவான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சீசன் தொடங்கிக் கிடங்கில் சுக்கு மலையாகக் குவிந்திருந்தது, புடைக்கக் கை போதவில்லை. அந்தப் பெண்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், விஷயத்தைச் சொல்லிச் சமாதானப்படுத்துங்கள் என்றார். செல்லப்பாவை மாற்றவில்லை. அவரைப் போல முதலாளிக்கு வேறு யார் கிடைப்பார்கள்? சங்கரி போன் செய்தாள். பாண்டிச்செல்வி நம்பவே இல்லையாம். சங்கரி மூன்றாவது முறை விளக்கிய பிறகு, செல்லப்பா இதை எல்லார் முன்னாலும் சொல்வாரா என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

அவள் வரும் அன்று எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். இந்த மனிதர் எப்படிப் பூசி மெழுகப் போகிறார் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கிடங்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி தன் கூட்டத்தில் மிச்சமிருந்த மூன்று பேரோடு வாசலில் வந்து நின்றாள். ஹோட்டல் சோப்பு அவள் விரல்களைத் தோலுரித்து வைத்திருந்தது. செல்லப்பா நடுவில் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு சின்னத் தெற்று, அதில் பேர் மாறிவிட்டது, உன் பேரில் ஒன்றும் இல்லை, போய் உட்கார் என்றார். புழுக்கை என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. கையை விரிக்கச் சொன்னதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவள் உட்காரவில்லை.

“அப்ப அந்த லாட்டு மேல யாரு பேரு சார் இருந்துச்சு?”

செல்லப்பா அது பழைய கதை என்றார். அவள் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டாள், குரலைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. புடைக்கும் சத்தம் ஒவ்வொரு சுளகாக நின்றது. செல்லப்பா என்னைப் பார்த்தார். அது நான் சொல்லவேண்டியது அல்ல.

ஆபீஸ் வாசலில் நின்ற சங்கரிதான் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“செல்லப்பா சார் பேருதான், அக்கா.”

பாண்டிச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து சுளகை எடுத்தாள். மற்றவர்களும் புடைக்கத் தொடங்கினார்கள். நடுவில் செல்லப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார். போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. பிறகு வெளியே போய், எதிர்க்கடையிலிருந்து எல்லாருக்கும் சாயா வாங்கி, தட்டைத் தானே சுமந்துகொண்டு வந்தார். அத்தனை வருடத்தில் அந்தப் பெண்களுக்கு அவர் வாங்கிக் கொடுத்த முதல் சாயாவாக இருக்க வேண்டும். வரிசையில் முதல் பெண்ணிடம் நீட்டினார். அவள் நிமிரவில்லை. அடுத்தவளிடம் நீட்டினார். அவளும் சுளகிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்படியே ஒவ்வொருத்தியாகக் கடந்து கடைசியில் பாண்டிச்செல்வியிடம் வந்து ஒரு கிளாஸை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

அவள் கிளாஸைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

“வேண்டாம் சார்,” என்றாள். “குமட்டுது.”